லியர் என்னும் பார்வை: ஓர் ஆங்கிலச் சொல்லும் கூற்று மரபும்

மோனியர் வில்லியம்சின் வடமொழி – ஆங்கில அகராதியில் (1899) 'கடாட்சம்' என்னும் சொல்லுக்குப் பக்கப்பார்வை என்ற பொருளை அடுத்து 'லியர்' என்னும் ஆங்கிலச் சொல்லும் தரப்பெற்றுள்ளது. இன்றைய ஆங்கில வழக்கில் லியர் என்பது காமக் குறிப்புடன் ஒருவரை, பெரும்பாலும் ஒரு பெண்ணை, அவர் விரும்பாத நிலையில் நோக்கும் இழிந்த பார்வையைக் குறிக்கும். கடாட்சம் என்பதோ தமிழ் வழக்கில் இறைவியின் அருட்பார்வை. 'இலட்சுமி கடாட்சம்' என்று வீடுதோறும் வழங்கும் ஒரு சொல்லுக்கு இத்தகைய பொருள் எவ்வாறு வாய்த்தது? தமிழை ஆங்கிலத்தின் துணைகொண்டு பயிலும் மாணவர்கள் உள்ள வகுப்பறையில் இவ்வினா தவிர்க்க இயலாதது. தமிழகத்திற்கு வெளியே உள்ள துறைகளில் அகராதியே பல வேளைகளில் முதலாசிரியராக அமைவதால், இதனை வெறும் சொல்லாராய்ச்சி வினாவாக ஒதுக்கிவிட முடிவதில்லை.

இதற்கு இரண்டு எளிய விடைகள் கூறப்படுவதுண்டு. அயல்நாட்டு அறிஞருக்கு நம் சமய மரபு விளங்கவில்லை என்பது ஒன்று. கடாட்சத்திற்கு வடமொழி இலக்கியத்தில் இன்பச்சுவைப் பொருளும் உண்டு என்பது மற்றொன்று. இரண்டாவது விடை உண்மையே. காளிதாசரின் மேகதூதத்தில் உச்சயினி மகாகாளர் கோயிலில் ஆடும் மகளிர் மேகத்தின்மீது செலுத்தும் பார்வையும் கடாட்சமே. எனினும் இவ்விரு விடைகளும் கடாட்சத்தைப் பற்றியே பேசுகின்றன. லியரைப் பற்றிப் பேசவில்லை. ஆங்கிலச் சொல்லின் பொருள் என்றும் ஒன்றாகவே நிலைத்திருந்தது என்னும் எண்ணம் இவற்றின் அடியில் உள்ளது. அவ்வெண்ணம் தவறானது. லியர் என்பது ஒருவகைப் பார்வையின் பெயர் என்று கொள்வதைவிட, ஒரு பார்வையைப் பற்றி ஒருவர் நிகழ்த்தும் கூற்று என்று கொள்வதே அச்சொல்லின் வரலாற்றுக்குப் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் கருத்து. கூற்று என்னும் சொல்லை இங்குத் தொல்காப்பியர் ஆளும் பொருளிலேயே, அஃதாவது இதனை உரைப்பவர் யார், யாரை நோக்கி, எந்நிலையில் என்னும் வினாக்களை உட்கொண்ட பொருளிலேயே, கட்டுரையாளர் ஆள்கிறார்.

கன்னத்திலிருந்து கண்ணுக்கு

லியர் தொடக்கத்தில் கண்ணோடு தொடர்புடைய சொல்லன்று. பழைய ஆங்கிலத்தில் கன்னத்தையும் முகத்தையும் குறித்த 'ஹ்லேஓர்' என்னும் பெயர்ச்சொல்லே இதன் மூலமாகக் கருதப்படுகிறது. பழைய நார்சு மொழியிலும் கன்னத்தைக் குறிக்கும் இனச்சொல் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இது வினையாகி, முகத்தைத் திருப்பாமல் கன்னத்தின்மேலாகப் பக்கவாட்டில் பார்த்தல் என்னும் பொருளைப் பெற்றிருக்கலாம் என்பர். கன்னம் என்னும் உறுப்பு ஒரு பார்வையின் பெயராக மாறுவதற்கு இடைப்பட்ட படி இதுவே. காமம், இழிவு ஆகிய குறிப்புகள் இதில் ஏதும் இல்லை என்பது கருதத்தக்கது. தமிழெழுத்தில் எழுதும்போது சேக்சுபியரின் லியர் மன்னன் பெயரும் இச்சொல்லும் ஓருருவாகிவிடுகின்றன. இரண்டிற்கும் பிறப்பால் உறவில்லை.

சேக்சுபியர் காலத்தில் இரண்டு பொருள்களும் அருகருகே வாழ்ந்தன. 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தின் 4ஆம் அங்கத்தில் ஆண்வேடம் பூண்ட ரோசலிண்ட், தன்னையே ரோசலிண்டாகக் கொள்ளுமாறு ஒர்லாண்டோவிடம் கூறுகிறாள். இவளினும் நல்ல லியர் உடைய ரோசலிண்ட் ஒருத்தி அவனுக்கு இருக்கிறாள் என்று தோழி சீலியா குறுக்கிட்டுக் கேலி செய்கிறாள். இங்கு லியர் என்பது முகப்பொலிவு. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் எழுந்த 'தி மெர்ரி வைவ்ஸ் ஆஃப் வின்சர்' நாடகத்தில் அதே சொல் அழைக்கும் பார்வையாகிறது. நான்காம் ஹென்றியின் இரண்டாம் பகுதியில் புதிதாக முடிசூடிய அரசன் தெருவில் வரும்போது அவன்மீது தான் வீசப்போகும் பார்வையையும் ஃபால்ஸ்டாஃப் லியர் என்றே குறிப்பிடுகிறான். அங்கு அது பழைய நட்பை நினைவூட்டித் தயவு நாடும் பார்வை. ஓராசிரியனின் ஒருசில ஆண்டு எழுத்துகளிலேயே முகம், காமம், தயவு என மூன்று திசைகளில் ஒரு சொல் செல்கிறது.

1667இல் வெளிவந்த மில்டனின் 'துறக்க இழப்பு' காப்பியத்தின் 4ஆம் காண்டத்தில் ஆதாமும் ஏவாளும் தழுவி நிற்பதைக் காணும் சாத்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கமாக அவர்களைப் பார்க்கிறான். அப்பார்வைக்கும் மில்டன் லியர் என்னும் சொல்லையே இடுகிறார். அவன் நெஞ்சில் மேலோங்கி நிற்பது பொறாமை என்று கவிஞரே அடைகொடுத்து விளக்குகிறார். பிறர் இன்பத்தைக் கண்டு பொறாத கண் என்ற அளவில், இஃது இன்றைய லியரைவிட நம் 'கண்ணேறு' என்னும் கருத்துக்கு நெருக்கமானது. இலத்தீனில் பொறாமையைக் குறிக்கும் சொல்லே பார்த்தல் வினையடியாகப் பிறந்தது என்பதை இலத்தீனில் தோய்ந்த மில்டன் அறியாதிருக்க முடியாது.

1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் லியர் என்னும் பெயர்ச்சொல்லுக்கு இரண்டே பொருள்கள் தருகிறார். ஒன்று சாய்ந்த பார்வை. மற்றொன்று முயன்று வரவழைத்துக்கொண்ட முகத்தோற்றம். காமம் அங்கு இல்லை. பழைய 'முகம்' மட்டும் இரண்டாம் பொருளில் மங்கலாக எஞ்சி நிற்கிறது. ஆகவே 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் லியரைப் பக்கப்பார்வை என்னும் பொதுப்பொருளில் வழங்க இடமிருந்தது என்பது தெளிவு. வில்லியம்ஸ் கடாட்சத்திற்கு இச்சொல்லை எழுதியபோது அப்பழைய பொருளின் எச்சத்தையே எடுத்தாண்டார் எனக் கொள்வது நேர்மையாகும். அவரைக் குறைகூற வேண்டியதில்லை. குறை, 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தை 21ஆம் நூற்றாண்டு ஆங்கிலமாகப் படிக்கும் நம் பழக்கத்தில் உள்ளது. அகராதிகளை மறுபதிப்புச் செய்கிறோம். விளக்கச் சொற்களின் வயதைக் குறிப்பதில்லை.

'ஓகில்' என்னும் உறவுச்சொல்லை இங்குச் சுருக்கமாகச் சுட்டலாம். தாழ்செருமானிய, டச்சு மொழிகளில் கண்ணைக் குறிக்கும் சொல்லடியிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்திற்கு வந்ததாகக் கருதப்படுவது இது. 1785இல் பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைவழக்கு அகராதியில் இதன் பன்மை வடிவம் கண்கள் என்றே பொருள்படும். லியரைப் போல உறுப்பு மாறி வந்த சொல் அன்று, முதலிலிருந்தே கண். அதனாலோ என்னவோ, ஓகிலில் ஒரு வேடிக்கைத்தன்மை எஞ்சியிருக்கிறது. லியரில் அது இல்லை.

அழைத்தவர் யார்?

காமக்குறிப்புப் பொருளில் லியர் இடம்பெறும் புகழ்பெற்ற இடம் வின்சர் நாடகத்தின் முதல் அங்கம், மூன்றாம் காட்சி. கையில் காசில்லாத ஃபால்ஸ்டாஃப், கணவனின் பணப்பை ஃபோர்டின் மனைவியிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவளைக் காதலிக்க முடிவு செய்கிறான். அவள் தன்னை அழைக்கும் லியரைத் தன்மீது வீசினாள் என்று தன் ஏவலாளரிடம் கூறுகிறான். அடுத்துப் பேஜின் மனைவியும் தன் உடலின் பகுதிகளை ஆராய்ந்து நோக்கினாள் என்கிறான். இருவரையும் கிழக்கிந்தியா, மேற்கிந்தியா எனக் கொண்டு இருபுறமும் வணிகம் நடத்தப்போவதாகவும் பெருமிதம் கொள்கிறான். கிழக்கிந்தியக் கம்பெனி 1600இல் தோன்றிய காலச்சூழலில் எழுந்த இவ்வுவமையை இந்திய வாசகர் எளிதில் கடந்துசெல்ல இயலாது என்பது வேறு செய்தி.

நமக்கு வேண்டுவது இது: அப்பெண்கள் இருவரும் அவ்வாறு பார்த்ததாக நாடகத்தில் எங்கும் காட்டப்பெறவில்லை. அவன் அனுப்பிய கடிதங்கள் கிடைத்ததும், இவனுக்கு இடங்கொடுக்கும்படி தாம் என்ன செய்தோம் என்று அவர்கள் திகைக்கின்றனர். இரண்டு கடிதங்களும் பெயர் தவிர எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதை ஒப்பிட்டுப் பார்த்து, அவனைப் பழிவாங்கும் திட்டத்தில் இறங்குகின்றனர். எனவே அந்த லியர் எவர் கண்ணிலும் நிகழ்ந்ததன்று. ஃபால்ஸ்டாஃபின் கூற்றில் மட்டுமே நிகழ்ந்தது. பணத்தேவையும் தற்பெருமையும் சேர்ந்து ஒரு சாதாரண உபசரிப்பை அழைப்பாக மொழிபெயர்த்துக்கொண்டன. குறிப்பு பார்த்தவளிடம் இல்லை, படித்தவனிடம் இருந்தது.

பேஜின் மனைவியின் பார்வையைச் சொல்ல அவன் பயன்படுத்தும் பிரெஞ்சுச் சொல் சேக்சுபியரில் மீண்டும் வரும் இடத்தையும் நோக்கவேண்டும். கண் என்னும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்து கண்வீச்சைக் குறிக்கும் அச்சொல்லை 1623ஆம் ஆண்டுத் தொகுப்பின் அச்சுக்கோப்போர் ஓமரின் காப்பியப் பெயரை ஒத்த உருவில் கோத்துவிட்டனர். அவர்களுக்கும் அது அயற்சொல்லாகவே இருந்திருக்கிறது. லியர் மன்னன் நாடகத்தின் 4ஆம் அங்கத்தில் அச்சொல்லை ஆள்பவள் ரீகன். தன் தமக்கை கானரில், எட்மண்டின்மீது அத்தகைய பார்வைகளை வீசினாள் என்று கானரிலின் பணியாளனிடமே கூறுகிறாள். ரீகனும் எட்மண்டை விரும்புகிறவள். கானரிலின் விருப்பம் இந்நாடகத்தில் கற்பனையன்று. ஆயினும் அப்பார்வைக்குப் பெயரிடுபவள் போட்டியாளியே. பார்த்தவர் கூற்றும் இல்லை, பார்க்கப்பட்டவர் கூற்றும் இல்லை. ஒரு பார்வை வேட்கைப் பார்வை என்று பெயர்பெறும் இவ்விரு இடங்களிலும் அப்பெயரை இடுபவர் தமக்கென ஒரு நலன் உடையவராகவே இருக்கக் காண்கிறோம்.

தொல்காப்பியம் கைக்கிளையை விளக்கும் அகத்திணையியல் நூற்பா இவ்விடத்தில் நினைவுக்கு வருவது இயல்பு. மறுமொழி பெறாத ஒருவன் தானே சொல்லித் தானே இன்புறுதல் என்பது அந்நூற்பாவின் கூறுகளுள் ஒன்று. ஃபால்ஸ்டாஃபுக்கு இதைவிடச் செறிந்த விளக்கத்தை ஆங்கிலத் திறனாய்விலும் காண்பது அரிது. ஆனால் இப்பொருத்தத்தை அளவுக்கு மீறி நீட்டிக்கக் கூடாது. தொல்காப்பியர் கூறும் கைக்கிளையில் பெண் காமத்திற்கு முதிராத இளையவள். உரைமரபு அதனைக் குற்றமற்ற ஒருதலை வேட்கையாகவே அமைத்துக் காட்டுகிறது. இன்றைய வாசகர் அந்நூற்பாவை அவ்வாறு எளிதாகக் கடந்துவிட முடியாது. கடக்கவும் கூடாது என்பது கட்டுரையாளரின் துணிபு. ஒருதலை என்னும் அமைப்பே இங்குக் கொள்ளத்தக்கது.

கண்ணின் கடை

ஆங்கிலத்தில் பக்கப்பார்வை இழிந்தது. தமிழில் பக்கப்பார்வை உயர்ந்தது. இவ்வாறு எதிர்நிலைப்படுத்தும் கட்டுரைகள் எழுதப்படக்கூடும். சான்றுகள் அவ்வளவு ஒழுங்காக அமையவில்லை. கடை என்பது விளிம்பு, முடிவு. கடைக்கண் என்பது கண்ணின் வெளிமுனை. அம்முனையிலிருந்து எழும் பார்வை அகத்தில் காதலுக்கும் பத்தி இலக்கியத்தில் அருளுக்கும் உரியதாயிற்று. அபிராமி பட்டரின் அந்தாதி, அன்பர்க்கு எல்லா நலன்களையும் அம்மையின் கடைக்கண்ணுக்கே உரியனவாக்கிப் பாடுகிறது. முழுக்கண்ணும் தேவையில்லை, அதன் கடையே போதும் என்பது பத்தரின் நயம். தெலுங்கில் 'கடகண்டி சூப்பு' இதே இருநிலையில் வழங்குகிறது. மலையாளத்தில் 'கடக்கண்ணு' உண்டு.

ஆனால் கன்னடத்தில் 'கடெகண்ணு' கண்ணின் ஓரத்தைக் குறிக்க, 'கடெகணிசு' என்னும் வினை பொருட்படுத்தாது விடுதல் என்று பொருள்படும். இன்றைய கன்னட நாளிதழ்களில் அரசு ஒரு பகுதியைப் புறக்கணித்தது என்பதற்கு வழங்கும் சொல் இதுவே. கண் என்னும் பெயரடியாகவும், எண்ணுதற்பொருள் தரும் கணி என்னும் வினையடியாகவும் இதனைப் பிரிக்க இடமுண்டு. தமிழின் 'புறக்கணி' என்பதையும் இவ்வாறே இருவகையாகப் பிரிக்கலாம். எவ்வாறாயினும், ஓரத்தால் பார்ப்பது அருளாகவும் ஆகலாம், அலட்சியமாகவும் ஆகலாம் என்பது திராவிட மொழிகளுக்குள்ளேயே தெரிகிறது. தமிழில் 'ஓரவஞ்சனை' என்னும் தொடரில் ஓரம் நடுவுநிலை தவறுதலைக் குறிக்கிறது. 'ஓரக்கண்' என்பது கடைக்கண்ணின் பொருளையே உடையதாயினும் அருளுக்கு அச்சொல் வழங்குவதில்லை. ஓரக்கண்ணால் பார்ப்பவர் காதலராகவோ ஐயமுடையவராகவோ இருப்பர். தெய்வம் ஓரக்கண்ணால் பார்ப்பதில்லை. ஒரே உடற்செயலுக்கு இரண்டு பெயர்கள் வைத்துக்கொண்டு தமிழ் தன் மதிப்பீடுகளைப் பிரித்துவைத்திருக்கிறது.

ஆடல் நூல்கள் இவ்வகையில் இன்னும் தெளிவானவை. அபிநய தர்ப்பணம் கூறும் 8 பார்வைகளுள் 'சாசி' என்பது கண்ணின் கடையால் பார்ப்பது. அதன் பெயரில் நன்றும் இல்லை, தீதும் இல்லை. பயன்படும் இடங்களே பொருளைத் தருகின்றன. உடற்செயலுக்கு ஒரு பெயர், கருத்துக்கு வேறு இடம் என்னும் இப்பகுப்பு ஆங்கிலத்தின் லியரில் இன்று இல்லாதது.

நோக்கும் எதிர்நோக்கும்

திருக்குறள் இச்சிக்கலுக்கு மிகவும் பயன்படும் நூல் என்பதற்குக் காரணம் அதன் சொற்சிக்கனம். 15ஆம் அதிகாரமாகிய பிறனில் விழையாமையில் பிறன் மனைவியைப் பாராதிருத்தல் பேராண்மையாகப் போற்றப்பெறுகிறது. 110ஆம் அதிகாரமாகிய குறிப்பறிதலில் தலைவியின் பார்வை நோயாகவும் மருந்தாகவும் பேசப்பெறுகிறது. ஓரிடத்தில் விலக்கப்பட்டதும் மற்றோரிடத்தில் கொண்டாடப்பட்டதும் ஒரே வினை: நோக்குதல். இழிந்த பார்வைக்கென்று வள்ளுவர் தனிச்சொல் தேடவில்லை. நோக்குபவர், நோக்கப்படுபவர், அவர்களிடையே உள்ள உறவு ஆகியவையே நோக்கின் தரத்தை முடிவு செய்கின்றன.

குறிப்பறிதலில் தலைவனும் ஃபால்ஸ்டாஃபைப் போலப் பார்வையைப் படிக்கிறவனே. தான் நோக்கும்போது நிலம் நோக்குகிறாள், நோக்காதபோது தன்னை நோக்கிச் சிரிக்கிறாள் என்று அவனே கூறுகிறான். 1095ஆம் குறளில் அவள் நேராகப் பாராது ஒரு கண்ணைச் 'சிறக்கணித்து' மகிழ்கிறாள். சிறக்கணித்தல் என்பது கண்ணைச் சுருக்கிப் பார்த்தல். உடற்செயல் அளவில் இது பழைய ஆங்கில லியருக்கு மிக அருகில் நிற்பது. ஜி.யு. போப் 1886இல் இவ்விடத்திற்குப் பக்கவாட்டுப் பார்வை என்னும் பொருள்தரும் சொல்லையே தேர்ந்தார். ஜான் லாசரஸ் அதற்கு முந்தைய ஆண்டில் பாதி மூடிய கண் என்று உரைநடையில் பெயர்த்தார். இருவரும் லியரை அணுகவில்லை. அச்சொல் அப்போது எந்த நிலையை அடைந்துவிட்டது என்பதற்கு வில்லியம்சின் அகராதியைவிட இம்மறுப்பு நல்ல சான்று.

அப்படியானால் தலைவன் படிப்பது சரி, ஃபால்ஸ்டாஃப் படிப்பது பிழை என எதைக்கொண்டு கூறுகிறோம்? இரண்டும் ஆண்கூற்றுகளே. தலைவன் நல்லவன் என்னும் முன்முடிவு விடையாகாது. பரிமேலழகர் இவ்வதிகாரத்தின் இறுதிக் குறள்களைத் தோழி கூற்றாகக் கொள்வது இங்குத்தான் பொருள்பெறுகிறது. அயலார் போல ஒருவரையொருவர் பொதுநோக்கு நோக்குதல் காதலரிடமே உண்டு என்றும், கண்ணொடு கண் ஒத்துவிட்டால் வாய்ச்சொல்லால் பயனில்லை என்றும் தோழி உரைக்கிறாள். தலைவனின் வாசிப்பு இருவரையும் காணும் மூன்றாமவர் ஒருவரால் சோதிக்கப்பட்டு உறுதியாகிறது. ஒத்தல் என்பதே அங்கு அளவுகோல். களவியலில் தொல்காப்பியர் கண்களின் குறிப்புரையை இருவர் உள்ளத்து உடன்பாட்டோடு பிணைத்துக் கூறுவதும் இதனையே வலியுறுத்துகிறது. ஃபால்ஸ்டாஃபுக்கு இத்தகைய தோழி இல்லை. அவனுடைய ஏவலாளர் இருவரும் கணவன்மாரிடம் சென்று செய்தியைச் சொல்லிவிடுகின்றனர்.

தோழி கூற்று என்பது புலவன் அமைத்த கூற்றே, அதுவும் பெண்ணின் நேர்க்கூற்று அன்று என்னும் மறுப்பு எழலாம். அது வலுவான மறுப்பு. அகமரபு பெண்ணின் உடன்பாட்டைக் கவிதையின் விதியாக முன்கூட்டியே வைத்துக்கொள்கிறது. உடன்படாத பெண்ணுக்கு அன்பின் ஐந்திணையில் இடமில்லை. அவள் கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் அனுப்பப்படுகிறாள். அங்கும் அவள் பேசுவது குறைவு. ஆகவே கூற்று மரபு நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது என்பது மட்டுமே இங்குக் கூறப்படுகிறது. அம்மரபு அதனை எல்லா இடத்தும் நேர்மையாகப் பயன்படுத்தியது என்று கூறப்படவில்லை.

இன்றைய வழக்கு

லியரின் அண்மைக்கால வரலாற்றில் நிகழ்ந்த பெரிய மாற்றம் பொருள்மாற்றம் அன்று, கூற்றுமாற்றம். ஃபால்ஸ்டாஃப் ஒரு பெண்ணின் கண்மீது ஏற்றிய சொல்லை, இன்று பெண் ஓர் ஆணின் கண்ணைப் பற்றிச் சொல்கிறாள். பார்க்கப்படுபவரின் கூற்றாக அது மாறியபோதுதான் அதன் இழிபொருள் முற்றாக உறுதிப்பட்டது. 1975இல் லாரா மல்வி திரைப்படத்தைப் பற்றி எழுதிய கட்டுரையின் வழியே பரவிய கலைச்சொல்லை நாம் 'ஆண்நோக்கு' என்கிறோம். நோக்கு என்னும் மதிப்புடைய சொல் அங்கு அமைந்தது ஒருவகையில் பொருத்தமே. தனிமனிதரின் இழிவைவிட ஓர் அமைப்பைச் சுட்டுவது அது.

அலுவலக வாழ்வில் இச்சொல்லின் தேவை வேறுவகையானது. விசாகா வழக்கின் 1997ஆம் ஆண்டுத் தீர்ப்பும், பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தல் குறித்த 2013ஆம் ஆண்டுச் சட்டமும், விரும்பி ஏற்கப்படாத பாலியல் நடத்தையை, சொல்லால் நிகழ்வதாயினும் சொல்லின்றி நிகழ்வதாயினும், வரையறைக்குள் கொண்டுவந்தன. சட்டம் பார்வைகளை வகைப்படுத்திப் பட்டியலிடவில்லை. ஏற்கப்படாமை என்பதையே அடிப்படையாகக் கொண்டது. வள்ளுவரின் 'ஒத்தல்' எதிர்மறையில் நிற்பது போன்றது இது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி உயர்கல்வி நிறுவனங்கள்தோறும் புகார்க்குழு இருத்தல் வேண்டும். தமிழகத்திற்கு வெளியே பயிலும் ஒரு தமிழ் மாணவி தமிழில் சொல்வது அத்தகைய குழுவின்முன் ஆங்கிலமாக வேண்டியிருக்கிறது. அப்போது மொழிபெயர்ப்பு வகுப்பறைப் பயிற்சியாக இருப்பதில்லை.

தமிழில் அவள் என்ன சொல்கிறாள்? கடைக்கண் என்று சொல்லமாட்டாள். முறைத்தான் என்றால் சினம். வெறித்தான் என்றால் அசைவற்ற பார்வை. அதில் காமம் இருக்கவேண்டும் என்பதில்லை. கண்ணடித்தான் என்பது தனியான ஒரு செயல். மாணவர் வழக்கில் 'சைட் அடித்தல்' உண்டு. பார்வை என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயர்ச்சொல்லைத் தமிழ் வினையோடு கூட்டி, ஆங்கிலத்தில் இல்லாத ஒரு தொடரை இளைஞர்கள் படைத்துக்கொண்டனர். இது பெரும்பாலும் பார்ப்பவன் தானே மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்ளும் கூற்று. பெண்களும் தம் தோழியரிடம் தம்மைப் பற்றி அவ்வாறு சொல்வதுண்டு. ஓகிலின் வேடிக்கைத்தன்மை இதில் இருக்கிறது. 'ஜொள்ளு விடுதல்' என்பதிலோ கேலி மிகுதி. கூறுபவர் அருகிலிருந்து பார்ப்பவர். பார்வைச் சொற்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய கூற்றாளரைத் தேர்ந்துகொள்வதை இவற்றில் காணலாம்.

பார்க்கப்படுபவளுக்கு உரிய தொடர் ஒன்று தமிழில் உண்டு. 'ஒரு மாதிரியாகப் பார்த்தான்' என்பது அது. அகராதித் தொகுப்பாளர் இதனை ஒரு பார்வைச் சொல்லாகப் பதிவு செய்ய எண்ணமாட்டார். எந்த மாதிரி என்று அது சொல்வதில்லை. சொல்லாமையே அதன் பொருள். பார்த்தவனின் கண் எவ்வாறு அசைந்தது என்பதைப் பற்றி அத்தொடருக்கு அக்கறையில்லை. அப்பார்வை தன்னிடம் எதை ஏற்படுத்தியது என்பதை, பெயரிட மறுக்கும் ஒரு நாணத்தோடும் உறுதியோடும் அது கூறுகிறது. கேட்கும் பெண்கள் எவரும் 'எந்த மாதிரி?' என்று திருப்பிக் கேட்பதில்லை. கேட்பவர் பெரும்பாலும் விசாரணை நடத்துபவர்.

இத்தொடரை ஆங்கிலத்தில் லியர் என்று பெயர்த்தால் பொருள் ஏறத்தாழப் போய்ச் சேர்கிறது. ஆனால் பெயரிடாமை பெயரிடலாகிவிடுகிறது. குழுவின்முன் அவள் சொல்லாத ஒரு சொல்லை அவள் சொன்னதாக ஆக்குகிறோம். அச்சொல்லை நிறுவும் சுமையும் அவள்மீது விழுகிறது. தெளிவில்லாத பார்வை என்று பெயர்த்தாலோ புகாரே கரைந்துவிடும். இந்த ஒரு தொடர்க்கு, அவள் சொன்ன சொற்களை அப்படியே ஒலிபெயர்த்துத் தந்து, அது யாருடைய கூற்று, தமிழ்ப் பெண்கள் எந்நிலையில் அதனை ஆள்கின்றனர் என்பதை அடுத்த வரியில் விளக்குவதே சரியான மொழிபெயர்ப்பாகக் கட்டுரையாளருக்குத் தோன்றுகிறது. தமிழ் – ஆங்கில அகராதிகளின் அடுத்த பதிப்புகளில் 'மாதிரி' என்னும் பதிவின்கீழ் இத்தொடர்க்குத் தனியிடம் தரப்படவேண்டும். 'கடாட்சம்' என்னும் பதிவின்கீழ் நிற்கும் லியருக்கு அருகில் அச்சொல் அங்கு எழுதப்பட்ட ஆண்டைக் குறித்தாலே போதும்.